இறுகிய தோளும் தொங்கும் கையும்: ஒரு பயிற்சியின் வரலாறு

"தலை பின்ன கை மேலே போகல, குளிக்கும்போது முதுகு தேய்க்க முடியல, ராத்திரி அந்தப் பக்கம் ஒருக்களிச்சுப் படுக்க முடியல." தஞ்சாவூர் வட்டாரத்தில் இயன்முறை சிகிச்சை செய்யும் நான் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. டாக்டர்கள் இதை 'ஃப்ரோசன் ஷோல்டர்' என்பார்கள். சித்த மருத்துவர்கள் கும்பவாதத்தோடு ஒப்பிடுவார்கள். நம்ம ஊர்ப் பேச்சில் சொன்னால், தோள்பட்டை இறுகிப்போச்சு. இதற்கு நாம் செய்யும் பயிற்சிகள் எங்கிருந்து வந்தன என்பதுதான் இன்றைய பேச்சு.

தோள்மூட்டைச் சுற்றி ஒரு மெல்லிய உறை இருக்கிறது. அது அழன்று, தடித்து, சுருங்கிவிடுவதுதான் இந்த நோய். 40 முதல் 60 வயதில் அதிகம் வரும். ஆண்களைவிடப் பெண்களுக்குக் கூடுதல். சர்க்கரை இருப்பவர்களுக்கு இன்னும் அதிகம்.

1872-இல் பாரிஸ் அறுவை மருத்துவர் துப்ளே இதைத் தனி நோயாக விவரித்தார். அவர் சொன்ன வைத்தியம் கொஞ்சம் முரட்டு வைத்தியம். நோயாளிக்கு மயக்க மருந்து கொடுத்து, கையைப் பிடித்து அசைத்து, உள்ளே இருக்கும் ஒட்டுகளைப் பிரிப்பது.

'உறைந்த தோள்' என்ற பெயர் 1934-இல் வந்தது. வைத்தவர் பாஸ்டன் நகரத்து எர்னஸ்ட் கோட்மேன். அவர் சொன்ன பயிற்சி ரொம்ப எளிது. குனிந்து நின்று, கையைக் கிணற்று வாளி மாதிரி தொங்கவிட்டு, மெதுவாக ஆட்டணும். கையைத் தூக்கும் வேலை தசைக்கு இல்லை. கையின் பாரமே மூட்டை இளக்கிவிடும். இன்றைக்கும் நாங்கள் முதலில் சொல்லிக்கொடுப்பது இதைத்தான்.

கோட்மேனுக்கு இன்னொரு பிடிவாதம் உண்டு. ஒவ்வொரு நோயாளியையும் பிறகும் தொடர்ந்து பார்த்து, சிகிச்சை பலித்ததா என்று எழுதிவைக்கணும் என்றார். சக மருத்துவர்கள் பலருக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் எழுதிவைக்கும் பழக்கம் தஞ்சாவூருக்குப் புதிதல்ல. 1798 முதல் 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோஜி காலத்தில், கண் நோயாளிகளின் குறையையும் சிகிச்சையையும் ஓவியத்தோடு பதிவு செய்தார்கள். அந்தத் தாள்கள் சரஸ்வதி மகால் நூலகத்தில் இருக்கின்றன. அது கண்ணுக்கு, தோளுக்கு அல்ல. ஆனாலும் அக்கறை ஒன்றுதான்.

அப்படித் தொடர்ந்து பார்த்ததில்தான் முரட்டு வைத்தியத்தின் மேல் கேள்வி வந்தது. 2004-இல் நெதர்லாந்தில் 77 பேரை இரண்டு வருஷம் கவனித்தார்கள். ஒரு பிரிவுக்கு வலியையும் மீறி இழுக்கும் தீவிரப் பயிற்சி. இன்னொரு பிரிவுக்கு வலி தாங்கும் அளவுக்குள் மட்டும் பயிற்சி. முடிவில், மென்மையாகச் செய்தவர்களில் 89 சதவீதம் பேருக்கும், தீவிரமாகச் செய்தவர்களில் 63 சதவீதம் பேருக்கும் தோள் ஏறக்குறைய இயல்புக்கு வந்திருந்தது. 2020-இல் பிரிட்டனில் 503 பேரிடம் நடந்த ஆய்வு மூன்று வழிகளை ஒப்பிட்டது: மயக்கி அசைப்பது, துளைவழி அறுவை, ஊசியோடு சேர்ந்த இயன்முறை சிகிச்சை. ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால், எதுவும் மற்றதைவிடத் தெளிவாக மேல் என்று சொல்ல முடியவில்லை.

நம்ம பக்கம் நடப்பது என்ன? ஒருவர் வலிக்குப் பயந்து கையை மடியிலேயே வைத்துக்கொள்கிறார். மூட்டு இன்னும் இறுகுகிறது. இன்னொருவர், "ஒரே இழுப்பில் சரியாகும்" என்று யாரிடமாவது கையை நீட்டுகிறார். மூன்றாவது ஆள் ஒழுங்காகப் பயிற்சிக்கு வருவார். ஆனால் மேட்டூர் திறந்து நடவு தொடங்கியதும் நின்றுவிடுவார். கூலி போனால் திரும்ப வராதே, அவரை என்ன குறை சொல்வது? இந்த நோய் தணிய ஒன்று முதல் மூன்று வருஷம்கூட ஆகலாம். அவ்வளவு நாள் சிகிச்சை அறைக்கு நடக்க யாரால் முடியும்?

அதனால்தான் பயிற்சி வீட்டுக்கு வரணும். கையைத் தொங்கவிட்டு ஆட்டுவது, கப்பியில் கயிறு போட்டு நல்ல கையால் நோவுள்ள கையை உயர்த்துவது, சுவரில் விரலால் ஏறுவது. எல்லாமே வலி பொறுக்கும் அளவுக்குள். அடிபட்ட பிறகு வந்த வலி, காய்ச்சலோடு வீக்கம், அல்லது நெஞ்சுவலியோடு தோள்வலி என்றால் பயிற்சி வேண்டாம், உடனே மருத்துவமனை. இதுவரை சர்க்கரை பார்க்காதவர்கள் ஒருதடவை பார்த்துவிடுங்கள்.

விரல் எட்டிய இடத்தில் வாரம் ஒருமுறை பென்சிலால் கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுதுங்கள். ஒரு விரற்கடை ஏறியது நமக்கே தெரியாது, கோடு சொல்லும். அடுத்த பகுதியில் சந்திப்போம்.