ஈயம், பிளேட், பிளெக்ஸ்: ஒரு நோட்டீஸின் வரலாறு

தமிழ் அச்சு வரலாறுன்னு ஆரம்பிச்சா எல்லாரும் 1578க்குப் போயிடுவாங்க. கொல்லத்துல அண்டிரிக் அடிகளார் அச்சிட்ட 'தம்பிரான் வணக்கம்', மொத்தம் 16 பக்கம். அப்புறம் தரங்கம்பாடி. 1713ல் ஜெர்மனியின் ஹாலேயிலிருந்து வந்த தமிழ் எழுத்துகள் ரொம்பப் பெருசா இருந்து தாளை விழுங்கியதால, பக்கத்துப் பொறையாறுலயே சின்ன எழுத்து வார்த்தாங்க. 1835ல் அச்சகம் வைக்கிறதுக்கு இருந்த கெடுபிடி நீங்குச்சு. அதுக்குப் பின்னாடி நாவலர், தாமோதரம் பிள்ளை, உ.வே.சா.

இதெல்லாம் புத்தகத்தோட வரலாறு. யாரும் எழுதாம விட்டது நோட்டீஸோட வரலாறு.

எங்க பக்கம், அதாவது தேனியிலிருந்து சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர்னு மலையடிவாரம் வரைக்கும் போற பள்ளத்தாக்குல, அச்சுன்னாலே நோட்டீஸ்தான். வீரபாண்டி சித்திரைத் திருவிழா, காதுகுத்து, கல்யாணம், கட்சிக் கூட்டம், கொட்டகையில புதுப்படம், கண்ணீர் அஞ்சலி. புத்தகம் போடணும்னா மதுரைக்கோ சிவகாசிக்கோ போவாங்க. நோட்டீஸ் மட்டும் உள்ளூர் அச்சகத்துல. ஒரு ஊரோட உண்மையான வரலாறு இதுலதான் கிடக்குது. ஆனா பெரும்பாலான நூலகங்கள் இதைச் சேர்த்து வைக்கிறதில்லை.

<b>ஈயக் காலம்</b>

கம்போசிட்டர் வேலை எவ்வளவு கஷ்டம்னு ஒரு சின்னக் கணக்குப் போட்டாலே தெரியும். உயிர் 12, ஆய்தம் 1, மெய் 18, அகர உயிர்மெய் 18. இகர, ஈகார, உகர, ஊகார வரிசைக்கு ஒவ்வொண்ணுக்கும் 18 வீதம் 72. ஆக 121. இதோட கால், ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, ஐகாரக் கொம்பு. அப்புறம் ஜ, ஷ, ஸ, ஹ, எண்கள், புள்ளி, காற்புள்ளி. இத்தனைக்கும் தனித்தனி ஈய எழுத்து, தனித்தனி அறை. ஆங்கிலத்துக்கு 26 எழுத்தை ரெண்டு விதமா வச்சா வேலை முடிஞ்சுது.

ஈயம், வெள்ளீயம், ஆன்டிமனி மூணும் கலந்து வார்த்த எழுத்து அது. கம்போசிட்டர் அதை ஒவ்வொண்ணா எடுத்து கையில இருக்கிற ஸ்டிக்குல அடுக்குவார். எழுத்து தலைகீழா, கண்ணாடி பிம்பமாத் தெரியும். அப்படியே சரளமாப் படிப்பாங்க. வரி நிறைஞ்சதும் கேலியில இறக்கி, நூல் கட்டி, புரூஃப் எடுத்துத் திருத்தி, இரும்புச் சட்டத்துல இறுக்கி, டிரெடில்ல ஏத்தணும். கால் மிதிக்க மிதிக்க ஒரு கை தாளை வைக்கும், மறு கை எடுக்கும். கொஞ்சம் அசந்தா விரல் போச்சு. ஈயம் உடம்புக்கு ஆகாதுங்கிறது தனிக் கதை. அதனால 'அந்தக் காலம் பொற்காலம்'னு என்னால சொல்ல முடியல.

அச்சடிச்சு முடிஞ்சதும் இன்னொரு வேலை இருக்கு. எழுத்துகளைக் கலைச்சு அந்தந்த அறையில திரும்பப் போடணும். இல்லைன்னா அடுத்த நோட்டீஸுக்கு எழுத்து இருக்காது. இதை மனசுல வச்சுக்குங்க, பின்னாடி இதுக்கு வருவேன்.

1978ல் எம்.ஜி.ஆர். அரசு கொண்டுவந்த எழுத்துச் சீர்திருத்தத்துக்கும் இந்த அறைகளுக்கும் தொடர்பு உண்டு. பெரியார் 1935லேயே 'குடி அரசு'ல நடைமுறைப்படுத்தினதுதான் அது. ணா, றா, னா மூணுக்கும் இருந்த சுழிச்ச வடிவமும், ணை, லை, ளை, னை நாலுக்கும் இருந்த தும்பிக்கை வடிவமும் போச்சு. மாறினது 13 எழுத்து, ஏன்னா ணொ, ணோ மாதிரி ஆறும் கூடவே மாறும். ஆனா பெட்டியில குறைஞ்ச ஈய எழுத்து ஏழுதான். மொழி விவாதமாத் தெரியுற ஒரு விஷயத்துக்குள்ள அச்சுக்கூடத்தோட அறைக் கணக்கும் இருந்திருக்கு.

<b>பிளேட் வந்தது</b>

ஆப்செட்ல எழுத்து மேடா நிக்காது. எண்ணெயும் தண்ணியும் ஒட்டாதுங்கிற ஒரே தத்துவம்தான். பிளேட்ல எழுத்து இருக்கிற இடம் மையை வாங்கும், மத்த இடம் தண்ணியை வாங்கும். அங்கிருந்து ரப்பர் போர்வைக்கு, ரப்பர்ல இருந்து தாளுக்கு. 1790கள்ல செனபெல்டர் கல்லுல கண்டுபிடிச்ச லித்தோதான் இதுக்குத் தாத்தா. சிவகாசி காலண்டர் நாடு முழுக்கப் போனது இந்த முறையாலதான்.

அதோட கம்ப்யூட்டரும் வந்துச்சு. ஸ்டிக் போய் பேஜ்மேக்கர் வந்தது. ஈயம் கோக்கத் தெரிஞ்சவங்கள்ல சிலர் விசைப்பலகைக்கு மாறினாங்க, பலர் வேற பிழைப்புக்குப் போனாங்க. இருபது வருஷம் விரல்ல பழகின வித்தைக்கு ஒரே நாள்ல மதிப்பில்லாமப் போறதுன்னா என்னன்னு யோசிச்சுப் பாருங்க.

<b>பிளெக்ஸும் மொய்யும்</b>

டிஜிட்டல்ல பிளேட்டே கிடையாது. கோப்பு நேரா எந்திரத்துக்குப் போகுது. ஆப்செட்ல முதல் பிரதிக்குத்தான் செலவு அதிகம், ஆயிரம் அடிச்சா ஒண்ணோட விலை சல்லிசாயிடும். டிஜிட்டல்ல முதல் பிரதிக்கும் நூறாவது பிரதிக்கும் ஒரே விலை. அதனால ஐம்பது பத்திரிகை போதும்ங்கிறவங்களுக்கு டிஜிட்டல், ரெண்டாயிரம் வேணும்ங்கிறவங்களுக்கு இன்னைக்கும் ஆப்செட்தான்.

ஈயக் காலத்துல ஒரு படம் வேணும்னா துத்தநாகத் தகட்டுல பிளாக் செஞ்சாகணும். செலவு ஜாஸ்தி. அதனால தலைவருக்கும் சாமிக்கும் மட்டும்தான் படம். பிளெக்ஸ் வந்ததும் காதுகுத்துற குழந்தையிலிருந்து தாய்மாமன் வரைக்கும் எல்லார் முகமும் ரோட்டுக்கு வந்துடுச்சு. இதைக் கேலி பண்ணுறது சுலபம். ஆனா அதுவரைக்கும் அச்சுல முகமே பார்க்காத மனுஷங்க அவங்க. பென்னி குயிக்கையே எடுத்துக்குங்க. 1895ல் பெரியாறு அணையைக் கட்டி முடிச்சவர். கம்பம் பள்ளத்தாக்குல ஜனவரி 15 அவரோட பிறந்தநாள். அவரோட படம் ஊர் ஊரா இவ்வளவு பெருசா நிக்குதுன்னா அதுல பிளெக்ஸுக்கும் பங்கு உண்டு.

இன்னொரு பக்கமும் இருக்கு. 2019 செப்டம்பர்ல சென்னை பள்ளிக்கரணையில பேனர் விழுந்து ஸ்கூட்டர்ல போன ஒரு இளம்பெண் உயிரிழந்தாங்க. தாளை ஒட்டினா மழையில கரைஞ்சுடும். பிளெக்ஸ் மக்காது.

மொய்யும் இப்போ டிஜிட்டல். மதுரை, தேனிப் பக்கத்து விசேஷங்கள்ல லேப்டாப்போட ஆள் உட்கார்ந்து, பேரும் ஊரும் தொகையும் அடிச்சு, கையில ரசீது கொடுக்கிறாங்க. கூட்டல் தப்பு வராது, நல்லதுதான். ஆனா தெர்மல் தாளா இருந்தா அதுல மையே கிடையாது. சூடு பட்டு நிறம் மாறுற பூச்சுதான். கொஞ்ச காலத்துல வெளிறிப் போகும். மொய்ங்கிறது திரும்பச் செய்ய வேண்டிய கடன். தாத்தா காலத்து மொய் நோட்டு இன்னைக்கும் படிக்க முடியுது, ரசீது ஒரு கோடையைத் தாண்டுமான்னு சொல்ல முடியல.

<b>எது நிக்கும்?</b>

இப்போ அந்தக் கலைச்சுப் போட்ட எழுத்துக்கு வருவோம். ஈய அச்சுல வார்ப்பு அழிஞ்சுடும், தாள் மட்டும் மிஞ்சும். டிஜிட்டல்ல தாள் போயிடும், கோப்பு இருக்கும். அப்போ டிஜிட்டல்தானே பாதுகாப்புன்னு தோணும். இல்லை.

1990களிலும் 2000களிலும் நம்ம ஊர் டிடிபி கடைகள்ல அடிச்சதெல்லாம் யூனிகோடு இல்லை. ஆளாளுக்கு ஒரு எழுத்துரு, ஒரு குறியாக்கம். பாமினியில 'தமிழ்'னு அடிச்ச கோப்பை அந்த எழுத்துரு இல்லாமத் திறந்தா ஜே, கே, பி, ஓ, ஒரு அரைப்புள்ளின்னு நிக்கும். பேஜ்மேக்கருக்கு 7.0தான் கடைசிப் பதிப்பு. கோப்பு பிளாப்பியில இருக்கும், பிளாப்பி பரண்ல இருக்கும், படிக்கிற டிரைவ் எங்கேயும் இருக்காது. தமிழக அரசு யூனிகோடை ஏத்துக்கிட்டதே 2010லதான். அதுக்கு முன்னாடி இருபது வருஷத்து ஊர்ச் செய்தி, ஈயத்தை விட மோசமாக் கலைஞ்சு கிடக்குது.

ஆக இப்போதைக்கு நம்பிக்கை அந்தப் பழைய தாள்தான். தேதி இல்லாத நோட்டீஸ் கிடைச்சாலும் காலத்தை ஓரளவு கண்டுபிடிக்கலாம்:

- தும்பிக்கை 'லை', சுழிச்ச 'னா' இருந்தா பெரும்பாலும் 1978க்கு முந்தினது. சில அச்சகங்கள் பழைய எழுத்தையே கொஞ்ச நாள் ஓட்டியிருக்கலாம், அதனால இதை மட்டும் நம்ப வேண்டாம்.
- முகவரியில பின்கோடு இருந்தா 1972 ஆகஸ்டுக்குப் பிந்தினது.
- தேனியோ கம்பமோ 'மதுரை மாவட்டம்'னு இருந்தா 1996-97ல் மாவட்டம் பிரியுறதுக்கு முந்தினது.
- எழுத்துப் பக்கத்தைத் திருப்பித் தடவிப் பாருங்க. பின்னாடி மேடு தட்டுப்பட்டா ஈய அச்சு.
- கீழே பொடி எழுத்துல அச்சகத்தோட பேரும் ஊரும் இருக்கும். 1867ஆம் வருஷச் சட்டம் அதைக் கட்டாயம் ஆக்கியிருந்துச்சு. அந்த ஒரு வரிதான் மூடிப்போன பல அச்சகங்களுக்கு மிஞ்சின ஒரே சாட்சி.

அதனால பொங்கலுக்கு வீட்டை ஒட்டடை அடிக்கும்போது பழைய கல்யாணப் பத்திரிகை, திருவிழா நோட்டீஸ் எதையும் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுடாதீங்க. ரெண்டு பக்கத்தையும் ஸ்கேன் பண்ணுங்க, கீழ இருக்கிற அச்சகத்துப் பேர் வெட்டுப்படாம. அதுல இருக்கிற பேர்களை யூனிகோடுல தட்டச்சு செஞ்சு பக்கத்துலயே வைங்க. முக்கியமா, தாளைத் தூக்கிப் போடாதீங்க.