தந்திக் கம்பிகள் இல்லாத ஊர்கள்

சென்ற மழைக்காலத்தில் சிகாகோவிலுள்ள மகன் வீட்டிற்குச் சென்றிருந்த நண்பர் ஒருவர் அங்கிருந்து எனக்குப் பட அஞ்சலட்டை ஒன்றை அனுப்பியிருந்தார். நகரின் பெயர் பருத்த எழுத்துகளில் அட்டை முழுவதையும் நிறைத்திருந்தது. ஒவ்வோர் எழுத்தின் வயிற்றுக்குள்ளும் ஒரு கட்டடமோ ஏரிக்கரையோ தெரிந்தது. பழம்பொருள் போலும் என்று எண்ணிப் பின்புறம் பார்த்தேன். புத்தம் புதிதாக அச்சிட்டது! தொண்ணூறு ஆண்டுகளுக்கு முந்தைய முகத்தை ஒரு புதிய அட்டை ஏன் வலிந்து அணிந்துகொள்கிறது என்ற கேள்வி அன்று முதல் என்னை விடவில்லை.

அஞ்சலட்டை பிறந்தபோது அதில் படமே இல்லை. 1865-இல் ஜெர்மானிய அஞ்சல் அதிகாரி ஹைன்ரிக் ஃபான் ஸ்டெஃபான் இக்கருத்தை முன்வைத்தபோது அது ஏற்கப்படவில்லை. பின்னர், நான்கு வரிச் செய்திக்கு உறையும் தாளும் எதற்கு என்று எமானுவேல் ஹெர்மன் என்னும் பொருளியல் பேராசிரியர் வியன்னா நாளிதழில் எழுதினார். அவ்வாண்டே, 1869 அக்டோபர் முதல் நாள், ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசில் அட்டை விற்பனைக்கு வந்தது. நம் நாட்டிற்குக் காலணா அட்டையாக வந்தது 1879-இல். படம் பின்னர்தான் ஒட்டிக்கொண்டது. முகவரிப் பக்கத்தில் வேறெதுவும் எழுதலாகாது என்ற விதி இருந்ததால், தொடக்கத்தில் மக்கள் படத்தின் ஓரத்து வெள்ளையிலேயே செய்தியை நெருக்கி எழுதினர். அப்பக்கத்தை இரண்டாகப் பிரிக்க இங்கிலாந்து 1902-இலும் அமெரிக்கா 1907-இலும் இசைந்தன. அதன் பின்னரே ஒரு பக்கம் முழுவதும் படத்திற்குச் சொந்தமாயிற்று.

நண்பரின் அட்டைக்கு மூதாதை ஒருவர் உண்டு. அவர் கர்ட் டைக். 1877-இல் ஜெர்மனியின் கிரைட்ஸ் நகரில் பிறந்து, 1895-இல் அமெரிக்கா சென்று, 1898-இல் சிகாகோவில் அச்சகம் தொடங்கியவர். 1930-களின் தொடக்கத்தில் அவருடைய அச்சகம் புதுவகை அட்டையொன்றை வெளியிட்டது. நெய்த துணியைத் தடவுவது போன்ற சொரசொரப்பான தாள் அது. அம்மேடுபள்ளங்களில் மை விரைந்து உலர்ந்ததால் நிறங்கள் பளிச்சென்று நின்றன. பருத்த எழுத்து அட்டைகள் பெரும்புகழ் பெற்றதும் இத்தாளில்தான்.

அவை உருவான விதம் சுவையானது. விடுதிக்காரரோ கடைக்காரரோ கறுப்பு வெள்ளைப் புகைப்படம் ஒன்றைக் கொடுப்பார். கூரைக்கு இன்ன சிவப்பு, சுவருக்கு இன்ன மஞ்சள் என்று குறிப்பும் எழுதித் தருவார். அச்சகத்து ஓவியர் தந்திக் கம்பிகளை அழிப்பார், கம்பங்களை அகற்றுவார், தெருக்குப்பையைத் துடைப்பார், வேண்டுமெனில் புதுக் கார் ஒன்றை நிறுத்துவார். நண்பகலில் எடுத்த படத்திற்குக் கருநீலம் பூசி, சன்னல்களுக்கு மஞ்சள் இட்டு, மேலே நிலவையும் ஏற்றிவிட்டால் இரவுக்காட்சி ஆயத்தம்! (நம்மூர்ப் புகைப்பட நிலையங்களின் திரைச்சீலைத் தாஜ்மகால் நினைவுக்கு வருகிறதல்லவா?) ஆக, அட்டையில் நாம் காண்பது ஊரை அன்று, தன்னை எப்படிக் காணவேண்டும் என்று ஊர் விரும்பியதோ அதை. பழைய பாணியின் கவர்ச்சி இங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம். இன்றைய கேமரா உள்ளதையெல்லாம் அள்ளிக் கொண்டுவந்து கொட்டுகிறது. அவ்வோவியரோ தேர்ந்துதான் கொடுத்தார்.

ஆயினும் துடைக்கப்பட்டவை கம்பிகள் மட்டுமல்ல. இவ்வட்டைகள் தோன்றியது பெரும் பொருளாதார வீழ்ச்சிக் காலத்தில். 1933-இல் அந்நாட்டுத் தொழிலாளரில் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கு வேலை இல்லை. அஞ்சலட்டை வானத்திலோ மேகமும் ரோஜா நிறமாகவே இருந்தது. விடுதிகளின் வாசல்கள் வருக வருக என்று திறந்திருக்கும். அவற்றுள் பலவற்றில் கறுப்பின மக்களுக்கு அன்று இடமில்லை என்பதை எந்த அட்டையும் சொல்லவில்லை.

அதைச் சொன்னவர், வியப்பிற்குரிய வகையில், ஓர் அஞ்சல்காரர்! நியூயார்க்கின் ஹார்லெமில் வாழ்ந்து, நியூஜெர்சியில் தபால் கொடுத்துவந்த விக்டர் கிரீன் என்னும் கறுப்பினத்தவர், 1936-இல் பசுமை நூல் எனப் பின்னர் புகழ்பெற்ற வழிகாட்டி ஒன்றை வெளியிட்டார். தம் மக்கள் அவமானமின்றித் தங்கவும் உண்ணவும் கூடிய இடங்களின் பட்டியல் அது. இத்தகைய நூலே தேவைப்படாத நாள் வரும் என்ற நம்பிக்கையையும் அதில் அவர் எழுதினார். 1960-இல் அவர் மறைந்தார். பொது விடுதிகளில் இனப்பாகுபாட்டைத் தடைசெய்த சட்டம் 1964-இல் வந்தது. பகலெல்லாம் அவர் தோளில் சுமந்த பையில் அந்த ரோஜா நிற வானங்கள் எத்தனை கிடந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கிறேன்.

டைக்கின் அச்சகம் 1978-இல் மூடப்பட்டது. அதன் கோப்புகள் இப்போது சிகாகோவின் நியூபெரி நூலகத்தில் உள்ளன. பல கோப்புகளில் அட்டைக்கு அருகிலேயே மூலப் புகைப்படமும் இருக்கிறதாம். கம்பிகளும் கம்பங்களும் அதில் அப்படியே இருக்கும்.

நண்பரின் அட்டையில் ஏரிக்கு மேல் வெயில் கொட்டிக்கிடக்கிறது. பின்புறம் அவர் நடுங்கும் கையெழுத்தில் எழுதியிருக்கிறார்: "குளிர் தாங்க முடியவில்லை. வெளியே இறங்கிப் பத்து நாளாகிறது. பேரனுக்கு நான் பேசுவது பாதிதான் புரிகிறது."