புழுங்கல் நெல் காத்த உயிர்கள்



திருவானைக்காவல் பக்கம் கோயில் நைவேத்தியத்துக்குப் பச்சரிசி. நம்ம வீட்டு உலையிலே புழுங்கல் அரிசி. இது வெறும் பழக்கம்தானே என்று நினைக்கிறோம். இந்தப் பழக்கம் ஒரு காலத்தில் உயிரையே காத்தது.

பெரிபெரி என்று ஒரு வியாதி. கால் மரத்துப் போகும், வீங்கும், இருதயம் பலவீனப்படும். தாய்க்கு லேசாக இருந்தாலும், அவளிடம் பால் குடிக்கிற இரண்டு மூன்று மாதக் குழந்தை திடீரென்று இறந்துவிடும். கிருமிதான் காரணம் என்று முதலில் நினைத்தார்கள். 1890-களில் ஜாவாத் தீவிலே ஐக்மன் என்ற டச்சு டாக்டர், தீட்டிய அரிசி தின்ற கோழிகளுக்குக் கால் முடங்குவதைப் பார்த்தார். தீட்டாத அரிசி போட்டதும் அவை எழுந்து நடந்தன. தவிட்டிலே இருந்த அந்தச் சத்துதான் வைட்டமின் பி-1. ஐக்மனுக்கு 1929-ல் நோபல் பரிசு கிடைத்தது.

நம்ம நீலகிரிக் குன்னூரிலும் 1918-ல், பாஸ்டர் நிலையத்தில் ஒரே ஓர் அறையில், டாக்டர் மெக்காரிசன் பெரிபெரி ஆராய்ச்சியைத் தொடங்கினார். 1935-ல் டாக்டர் ஆக்ராய்ட் பொறுப்பேற்றார். அன்றைய சென்னை மாகாணத்தில் வடக்கே, இப்போதைய ஆந்திரக் கரையோரத்தில் பெரிபெரி அதிகம்; தமிழ் ஜில்லாக்களில் குறைவு. இரண்டு பக்கமும் சோறுதானே? ஆமாம். ஆனால் அங்கே மில்லில் தீட்டிய பச்சரிசி, இங்கே புழுங்கல்.

நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது, தவிட்டிலும் முளையிலும் உள்ள சத்து அரிசிக்குள்ளே இறங்கிவிடுகிறது. பிறகு மில்லில் தீட்டினாலும் ஒரு பங்கு நிற்கும். பச்சை நெல்லைத் தீட்டினால் அது தவிட்டோடு மாட்டுத் தொட்டிக்குப் போய்விடும். நம்ம பாட்டிமாருக்கு வைட்டமின் தெரியாது. நெல் அவிக்கத் தெரிந்திருந்தது.

அதற்காகப் புழுங்கல் சோறு மட்டும் போதும் என்று இருந்துவிடக் கூடாது. மெக்காரிசன் பல மாகாணத்துச் சாப்பாட்டை எலிகளுக்குப் போட்டுப் பார்த்தார். கோதுமை ரொட்டி, பால், பருப்பு, காய்கறி தின்ற எலிகள் நன்றாக வளர்ந்தன. அரிசியே பெரும்பங்காக, பாலும் காயும் கொஞ்சமாகத் தின்றவை நோஞ்சானாகிவிட்டன.

ஆகவே தாய்மார்களே, அரிசியைப் பலமுறை தேய்த்துக் கழுவ வேண்டாம். பி-1 தண்ணீரில் கரையக்கூடியது. கழனித் தண்ணீரிலும் வடித்த கஞ்சியிலும் போய்விடும். கஞ்சியைக் கொட்டாமல் குடியுங்கள். பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியம் என்று சொல்லி, பருப்பையும் கீரையையும் ஒதுக்கிவிடாதீர்கள். அவள் சாப்பாடு இரண்டு உயிருக்கு.

குன்னூரில் தொடங்கிய அந்த ஆராய்ச்சிக்கூடம் 1958-ல் ஐதராபாத்துக்கு மாறி, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இருக்கிறது. அங்கே எலியை வைத்துப் படித்த பாடம், நம்ம அடுப்படியில் பயன்பட வேண்டும்.