பையும் உறையும் கற்பித்த தையல்

தையல் பழகத் தொடங்கிய ஒருத்தி சில மாதங்களுள் ஊசியில் நூல் கோக்கவும், நூலோட்டவும், விளிம்பை மடித்துத் தைக்கவும் அறிந்துவிடுகிறாள். ஆயினும் ஒரு சட்டையைத் தானே அளந்து வெட்டித் தைக்க அவளுக்குத் துணிவு பிறப்பதில்லை. அறிந்த தையல்களுக்கும் அணியத்தக்க ஆடைக்கும் இடையே ஒரு வெளி இருக்கின்றது. அவ்வெளியைக் கடக்க எதனைத் தைத்துப் பழகுவது என்னும் வினா சிறியதாகத் தோன்றலாம். ஆனால் பிரித்தானியாவின் பாடசாலைகளில் அது பல்லாயிரம் சிறுமியரின் கண்ணையும் காலத்தையும் பாதித்த வினாவாக இருந்தது.

பழங்காலத்தில் இதற்கு விடையாக அமைந்தது மாதிரித் துணி. ஒரு துண்டு லினன் துணியிலே தான் அறிந்த தையல்களையும் கோலங்களையும் எழுத்துகளையும் ஒருத்தி வரிசையாகத் தைத்து வைப்பாள். பின்னர் வேண்டும்போது அதனைப் பார்த்துப் பயன்கொள்வாள். ஆண்டு பொறிக்கப்பட்ட ஆங்கில மாதிரித் துணிகளுள் மிகப் பழையது 1598ஆம் ஆண்டுக்குரியது. ஜேன் பொஸ்ரொக் என்பவரின் பெயர் தாங்கிய அத்துணி இலண்டன் விக்ரோறியா அல்பேட் அரும்பொருட்சாலையில் உள்ளது. அலிஸ் லீ என்னும் குழந்தை 1596ஆம் ஆண்டு பிறந்த செய்தியும் அதிலே தைக்கப்பட்டிருக்கின்றது. பயிற்சித் துணியாயினும் ஒரு குழந்தையின் பிறப்பைப் போற்றும் பொருளும் அதற்கு இருந்தது என்பது கருதத்தக்கது.

இப்பொருள் உணர்வு பத்தொன்பதாம் நூற்றாண்டின் பாடசாலையில் மங்கிவிட்டது. 1862ஆம் ஆண்டில் இங்கிலாந்திலே நடைமுறைக்கு வந்த திருத்திய கல்வி விதித்தொகுப்பு, பரீட்சைப் பேற்றுக்கு ஏற்பப் பாடசாலைகளுக்கு நன்கொடை வழங்கியது. நன்கொடை பெறும் பாடசாலைகளில் பெண்பிள்ளைகளுக்குச் சாதாரணத் தையல் கற்பித்தல் கட்டாயமாயிற்று. ஸ்கொத்லாந்திலும் 1872ஆம் ஆண்டின் கல்விச் சட்டத்தைத் தொடர்ந்து இத்தகைய ஏற்பாடுகள் பரவின. சான்று காட்டினாலன்றிப் பணம் கிடையாது. எனவே சான்றே கல்வியின் நோக்கமாயிற்று. கைக்குட்டையிலும் சிறிய வெள்ளைப் பருத்தித் துண்டுகளிலே விளிம்பு மடித்தல், இரு துண்டுகளை இணைத்தல், ஒட்டுப் போடுதல், கிழிசல் பின்னுதல், பொத்தான் துளை தைத்தல் ஆகியவற்றைச் சிறுமியர் தனித்தனியே செய்து காட்டினர். வெள்ளைத் துணியில் வெள்ளை நூல். தையலோ கண்ணுக்குத் தெரியாத நுண்மை. தேகப்பயிற்சி போல, கட்டளைக்கு ஏற்ப விரலுறை அணிதலும் ஊசி பிடித்தலும் நிகழ்ந்தன. ஊசியையே பிடித்தறியாத ஆடவர் பலர் இவ்வேலையை மதிப்பிடும் ஆய்வாளராக வந்தனர் என்பதையும் இவ்விடத்தே சொல்லாமல் விடுதல் கூடாது.

அம்முறையை முற்றாக இகழ்தலும் நேர்மையன்று. சமமான தையல், தூய கை, பொறுமை ஆகியவை அதனால் வாய்த்தன. வறிய வீட்டுப் பெண் வேலை தேடிச் செல்லும்போது அவை அவளுக்கு உதவின. குறை வேறிடத்தே இருந்தது. துண்டிலே பொத்தான் துளை தைத்த சிறுமிக்கு, ஒரு மேலுறையில் அத்துளை எங்கே அமையவேண்டும், ஓரத்திலிருந்து எவ்வளவு உள்ளே தள்ளவேண்டும் என்பது தெரியாது. தையலை அறிந்தாள், தைப்பதை அறியவில்லை.

மாற்றத்துக்கான வழி கிளாஸ்கோ ஓவியக் கல்லூரியிலிருந்து வந்தது. அங்கே 1894ஆம் ஆண்டில் ஜெஸ்ஸி நியூபெரி ஊசி வேலைக்கு ஒரு வகுப்பைத் தொடங்கினார். கல்லூரித் தலைவரின் மனைவியாகிய இவர், பெயஸ்லி நகரத்துச் சால்வை உற்பத்தியாளர் ஒருவரின் மகள். விலையுயர்ந்த பட்டும் பொன்னிழையும் இவருடைய வகுப்பிலே முதன்மை பெறவில்லை. முரட்டு லினன், பருத்தி போன்ற எளிய துணிகளே போதுமாயின. கழுத்துப்பட்டி, அரைப்பட்டி, திண்டுறை, மேசை விரிப்பு என அன்றாடம் வேண்டும் பொருள்களையே மாணவியர் செய்தனர். வட்டமாக வெட்டிய ஒரு துணித்துண்டை மேலே வைத்துத் தைத்து, சில கோடுகளால் இதழ்காட்டி உருவாக்கிய ரோசா மலர் அவ்வகுப்பின் அடையாளமாகவே ஆகிவிட்டது.

அவ்வகுப்பில் 1897ஆம் ஆண்டு மாணவியாகச் சேர்ந்தவர் ஆன் மக்பெத். 1901இல் நியூபெரிக்குத் துணை ஆசிரியையானார். நியூபெரி விலகியபின் வகுப்பின் பொறுப்பையும் ஏற்றார். பாடசாலை ஆசிரியர்களுக்கெனச் சனிக்கிழமைகளில் அங்கே நடந்த வகுப்புகளே இவ்வரலாற்றின் திருப்புமுனை எனலாம். ஓவியக் கல்லூரியில் பிறந்த எண்ணம் அவ்வழியாகத்தான் சாதாரணப் பாடசாலைகளின் வகுப்பறைக்குச் சென்றது. ஆசிரியையான மாகிரட் சுவன்சனுடன் இணைந்து மக்பெத் எழுதிய 'கல்வித் தையற்கலை' என்னும் நூல் 1911ஆம் ஆண்டு வெளிவந்தது. பிள்ளைகளின் உடல்நலத்துக்காக உழைத்த மாகிரட் மக்மில்லன் அதற்கு முன்னுரை வழங்கினார்.

அந்நூலின் அடிப்படை எளியது. குழந்தையின் கண்ணும் கையும் வளரும் வரிசைக்கு ஏற்பவே தையலும் வளரவேண்டும். ஆறு வயதுப் பிள்ளைக்குப் பெரிய ஊசி, தடித்த வண்ண நூல், நூலிழை தெரியும் முரட்டுத் துணி, நீண்ட தையல் ஆகியன தகும். துணியின் நிறத்தினின்றும் நூலின் நிறம் வேறுபட்டு விளங்கவேண்டும். தையல் மறைக்கப்படவேண்டிய குற்றமன்று. பொருளைப் பிணைக்கும் அதே தையல் அதற்கு அழகும் தரலாம். நுண்தையல் பின்னரே வரவேண்டும், கண்ணும் கையும் அதனைத் தாங்கும் பருவத்தில். ஒவ்வொரு படியிலும் பிள்ளை கைக்கொண்டு செல்லத்தக்க ஒரு பொருள் முடிவுபெறவேண்டும்.

இடைநிலைப் பயிற்சிக்கு இதனால் விளைந்த பயன் யாது? நாடா கோத்த ஒரு சிறு பையை எடுத்துக்கொள்வோம். நீண்ட துணியை இரண்டாக மடித்து இரு பக்கமும் தைத்தால் பை உருவாகிவிடும். ஆனால் வாய்ப்பகுதியில் நாடா செல்லக் குழல்போல் மடிப்பு அமைக்கவேண்டும்; அம்மடிப்பின் அகலத்தை முன்னரே கணக்கிட்டுத் துணியை நீளமாக வெட்டவேண்டும். பக்கத் தையலை வாய்வரை கொண்டுசென்று அடைத்துவிட்டால் நாடாவைக் கோக்க வழியில்லை. எதனை முன்னர்த் தைப்பது, எதனைப் பின்னர்த் தைப்பது என்னும் ஒழுங்கை அப்பை தானாகவே உணர்த்திவிடுகிறது. பாவாடையின் இடுப்புப் பட்டியும் இதே ஒழுங்குதான்.

தலையணை உறையோ மற்றொரு பாடம். தலையணையின் அளவும் துணியின் அளவும் ஒன்றல்ல என்பதையும், தையலுக்கு விடும் ஓரம், தலையணை நழுவாதிருக்க உள்ளே மடியும் பகுதி ஆகியவற்றையும் சேர்த்து எண்ணவேண்டும் என்பதையும் அது கற்பிக்கின்றது. மூலையைத் திருப்பும்போது உள்ளே மிகுந்த துணியைச் சாய்வாக வெட்டாவிடின் மூலை கூர்மை பெறாது. கழுத்துப்பட்டி இவற்றினும் கடினமானது. அதிலே முதன்முறையாக வளைவு வருகிறது. வளைந்த தையலின் உள்ளோரத்தைச் சிறுசிறு வெட்டுகளால் தளர்த்தாமல் திருப்பினால் துணி சுருங்கி இழுக்கும். இதனை எத்தனை முறை வாயாற் சொன்னாலும் பிள்ளை மறக்கும்; ஒருமுறை பட்டி கோணிப்போனால் பிறகு மறவாது. பையையும் உறையையும் பட்டியையும் முடித்த கைக்குச் சட்டையின் கழுத்தும் கையும் அந்நியமல்ல.

புதிய முறைக்கு எதிர்ப்பும் எழக்கூடியதே. பெரிய தையலிலே பழகிய பிள்ளை நுண்மையைப் பின்னர் விரும்புமா? வண்ண நூலுக்கு வறிய பாடசாலை பணத்துக்கு எங்கே செல்லும்? முதல் ஐயத்துக்கு ஓரளவு நியாயம் உண்டு. பழைய வகுப்பறையில் உருவான மயிரிழைத் தையலை இன்று அரும்பொருட்சாலையிலே கண்டு வியக்கலாம், வீடுகளிலே காண்டல் அரிது. ஆனால் அவ்வியப்புக்குச் சிறுமியர் கொடுத்த விலை மிகுதி. இரண்டாவது ஐயத்துக்கு மக்பெத்தின் வகுப்பறையே மறுமொழி. சணல் துணி போன்ற மலிந்த துணிகளையே அவர் விரும்பிப் பயன்படுத்தினார்.

ஊசியை வகுப்பறைக்குள் மட்டும் அடக்கியவரும் அல்லர் அவர். பெண்களின் வாக்குரிமைப் போராட்டத்துக்காக 1910ஆம் ஆண்டில் ஒரு லினன் விரிப்பை அமைத்தார். சிறையிலே உண்ணாநோன்பு இருந்த 80 பெண்களின் பெயர்கள் அதிலே தைக்கப்பட்டன. கடினமான வேலைப்பாடு எதுவும் அதற்கு வேண்டியிருக்கவில்லை. அவ்விரிப்பு பின்னர்ப் போராட்டப் பதாகையாகவும் ஊர்வலத்திலே சென்றது.

கிளாஸ்கோவை விட்டபின் மக்பெத் இங்கிலாந்தின் வடமேற்கே ஏரிகள் நிறைந்த மலைநாட்டில், பற்றர்டேல் என்னும் சிற்றூரில் குடியேறினார். அங்கும் அயற்பெண்களுக்குக் கைவேலை கற்பித்தார். கிராமப் பெண்கள் வீட்டிலேயே கம்பளம் செய்வதற்கு வழிகாட்டும் நூலொன்றை 1929இல் வெளியிட்டார். 1948ஆம் ஆண்டில் அவர் மறைந்தார்.