தேர்வின் சரித்திரம்

1967-ல் மான்ட்ரியாலில் நடந்த உலகப் பொருட்காட்சியில், செக்கோஸ்லோவாகியக் கூடத்தில் ஒரு படம் காட்டப்பட்டது. பார்வையாளர் ஒவ்வொருவர் கையருகிலும் இரண்டு பொத்தான்கள், ஒன்று பச்சை, ஒன்று சிவப்பு. முக்கியமான கட்டங்களில் படம் நின்றுவிடும். மேடைக்கு ஒருவர் வந்து, அடுத்து கதாநாயகன் என்ன செய்யலாம் என்று சபையைக் கேட்பார். துண்டு மட்டும் சுற்றிய பக்கத்து வீட்டுப் பெண், வீட்டுக் கதவு சாத்திக்கொண்டதால் வெளியே நிற்கிறாள். நாயகனின் மனைவி வரும் நேரம். உள்ளே விடலாமா, கூடாதா? பெரும்பான்மை எதைச் சொல்கிறதோ அதுவே படத்தின் அடுத்த துண்டு. ராதூஸ் சிஞ்செரா உருவாக்கிய இந்தக் 'கினோ ஆட்டோமாட்'டைப் பார்வையாளர் தேர்வால் நகரும் முதல் திரைப்படம் என்பார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது பொத்தான் அல்ல. சபை எதை அழுத்தினாலும் இரண்டு கிளைகளும் சிறிது தூரம் போய் ஒரே இடத்தில் சேர்ந்துகொள்ளும். அங்கே அடுத்த கேள்வி. கடைசியில் கட்டடம் தீப்பற்றி எரியும். அந்தத் தீயைப் படத்தின் ஆரம்பத்திலேயே காட்டிவிடுகிறார்கள். வாக்களித்தவர்கள் எல்லோரும் ஏற்கனவே நடந்து முடிந்த ஒன்றைப் பற்றித்தான் வாக்களித்தார்கள். ஜனநாயகத்தின் மேல் ஒரு கிண்டலாக இதைப் படிக்க இடமுண்டு. கதை சொல்வதன் மேலும் இது ஒரு கிண்டல் என்று எனக்குத் தோன்றுகிறது.

இரண்டாவது உதாரணம் அமெரிக்காவிலிருந்து. 1988 செப்டம்பரில் பாட்மேன் சித்திரக்கதையில் அவன் துணைவன் ராபின், அதாவது ஜேசன் டாட் என்ற பையன், வெடிவிபத்தில் சிக்கிக் கிடந்தான். பிழைக்க வேண்டுமா சாக வேண்டுமா என்பதை வாசகர்கள் டெலிபோனில் சொல்லலாம். இரண்டு எண்கள், ஒரு அழைப்புக்கு ஐம்பது சென்ட். பிழைக்கட்டும் என்றவை 5,271. சாகட்டும் என்றவை 5,343. எழுபத்திரண்டு அழைப்புகளில் ஒரு பையன் செத்தான். சிஞ்செராவின் படத்தில் தேர்வுக்கு விளைவு இல்லை. இங்கே விளைவு இருந்தது, ஆனால் தேர்ந்தெடுத்தவனுக்குப் பொறுப்பு இல்லை. காசு கொடுத்துக் கொன்றவன் போனை வைத்துவிட்டு வேறு வேலையைப் பார்க்கப் போனான். அந்தச் சாவும் நிலைக்கவில்லை. 2005-ல் வேறு ஆசிரியர்கள் ஜேசன் டாடை உயிரோடு திரும்பக் கொண்டுவந்தார்கள்.

விளைவில்லாத தேர்வு, பொறுப்பில்லாத தேர்வு என்ற இந்த இரண்டுக்கும் இடையில்தான் 2012-ல் வெளிவந்த 'வாக்கிங் டெட்' என்ற வீடியோ விளையாட்டு வருகிறது. ராபர்ட் கிர்க்மனின் சித்திரக்கதையின் உலகத்தை எடுத்துக்கொண்டு, டெல்டேல் என்ற கலிஃபோர்னிய நிறுவனம் அதே ஆண்டு ஏப்ரல் முதல் நவம்பர் வரை ஐந்து பகுதிகளாக வெளியிட்டது. பிணங்கள் எழுந்து நடக்கும் ஒரு தேசம். லீ எவரெட் என்ற கறுப்பின மனிதன், கொலைக்குற்றத்துக்காகச் சிறைக்குப் போகும் வழியில் தப்பி, கிளெமென்டைன் என்ற எட்டு வயதுப் பெண்ணைக் காப்பாற்றும் பொறுப்பை ஏற்கிறான். ஆட்டக்காரன் லீயாக இருந்து பேச வேண்டும், முடிவெடுக்க வேண்டும், அதுவும் சில விநாடிகளுக்குள். ஒவ்வொரு பகுதியும் முடிந்ததும் உன்னைப் போல் முடிவெடுத்தவர்கள் நூற்றுக்கு எத்தனை பேர் என்று திரை காட்டும். தொலைபேசி வாக்கெடுப்பில் இல்லாதது இது: தன் செய்கையைத் தன் செய்கையாகவே திரும்பப் பார்க்கும் கட்டாயம்.

முதல் ஸீஸனின் முடிவில் லீ சாகிறான். பிணமாக எழாதபடி அந்தச் சிறுமியே அவனைச் சுட வேண்டுமா, அல்லது விட்டுவிட்டுப் போக வேண்டுமா என்பதை ஆட்டக்காரன் சொல்ல வேண்டும். பிறகு அவள் ஒரு வெளியில் தனியாக. தூரத்து மேட்டில் இரண்டு உருவங்கள். அவ்வளவுதான். அடுத்த ஸீஸன் வர ஓராண்டுக்கு மேல் ஆயிற்று. அந்த இடைவெளியில் ஆட்டக்காரர்கள் ஊகித்தார்கள்: சுட்டவள் கல்லாகிவிடுவாளா, விட்டுப் போனவள் குற்ற உணர்வில் உழல்வாளா, என் கிளெமென்டைனும் உன் கிளெமென்டைனும் இனி ஒருத்தியாக இருக்க முடியுமா?

அசட்டுக் கேள்விகள் அல்ல இவை. ஆனால் கணக்கு அவர்களுக்கு எதிராக இருந்தது. இரண்டு வழியுள்ள தேர்வுகள் பத்து என்றால் பாதைகள் 1,024. இருபது என்றால் பத்து லட்சத்துக்கு மேல். எந்த நிறுவனமும் அத்தனை கதைகளை எழுதி, நடிக்கவைத்து, வரைந்து தர முடியாது. ஆகவே கிளைகளை மீண்டும் ஒரே தண்டில் கட்ட வேண்டும். முதல் பகுதியில் டக், கார்லி இருவரில் ஒருவரைத்தான் காப்பாற்ற முடியும். யாரைக் காப்பாற்றினாலும் மூன்றாம் பகுதியில் அவர் சுட்டுக் கொல்லப்படுகிறார். சிஞ்செராவின் தீதான் இது.

ஸீஸன்களுக்கு இடையில் இந்தக் கட்டு இன்னும் இறுகுகிறது. 2014 ஆகஸ்டில் முடிந்த இரண்டாம் ஸீஸனில் ஒன்றுக்கொன்று பொருந்தாத முடிவுகள் இருந்தன. கென்னியோடு போகலாம், அவனை விட்டு வெலிங்டன் என்ற குடியிருப்பில் சேரலாம், ஜேனோடு போகலாம், கைக்குழந்தை ஏஜேயைத் தூக்கிக்கொண்டு தனியாகவும் போகலாம். 2016 டிசம்பரில் மூன்றாவது வந்தபோது கென்னி கார் விபத்தில் சாகிறான், ஜேன் தூக்கில் தொங்குகிறாள், வெலிங்டன் தாக்கப்படுகிறது. எல்லாம் பின்னோக்கிய காட்சிகளில், சில நிமிஷங்களில். தனியாகப் போனவளுக்கு ஒரு விரல் போகிறது. இப்படி ஒவ்வொரு பாதைக்கும் உடம்பில் ஒரு அடையாளம் மிஞ்ச, எல்லாப் பாதைகளும் ஒரே கிளெமென்டைனில் வந்து முடிகின்றன. அவள் இப்போது கதையின் மையத்திலும் இல்லை; ஹாவியர் கார்சியா என்ற வேறொருவன் அங்கே நிற்கிறான்.

இதை மோசடி என்று சொல்லிவிட்டவர்கள் அநேகம் பேர். உன் தேர்வுக்கேற்பக் கதை மாறும் என்று ஆரம்பத்திலேயே அறிவித்துவிட்டு இப்படிச் செய்தால் அப்படிச் சொல்ல நியாயம் உண்டு. ஆனால் மோசடி என்ற சொல்லோடு நின்றுவிட்டால் இங்கே நடப்பது நமக்குப் புரியாமல் போகும். பெரிய சரித்திரம் தனி மனிதனின் செய்கையை நடத்துவதும் இப்படித்தான். ஒருவன் ஒரு கணத்தில் தைரியமாகவோ கோழையாகவோ இருந்தான். இருபது வருஷம் கழித்து இருவர் பிள்ளைகளும் ஒரே ரேஷன் வரிசையில் நிற்கிறார்கள். நிகழ்ச்சிகளின் மட்டத்தில் வித்தியாசம் அழிந்துவிட்டது. மிச்சம் ஒரு வடு, அல்லது வடு கூட இல்லை. அதனால் அந்தக் கணம் பொய்யாகிவிடுமா?

'மாஸ் எஃபெக்ட்' என்ற விண்வெளிக் கதையும் இதே முட்டுச்சந்துக்கு வந்தது. 2007-லிருந்து 2012 வரை மூன்று விளையாட்டுகள். ஒன்றில் எடுத்த முடிவுகள் அடுத்ததற்குப் போகும். முதலாவதில், ஓர் இனத்தின் கடைசி ராணியை விட்டுவிடலாம், கொல்லவும் செய்யலாம். கொன்றவர்களுக்கும் மூன்றாவதில் ஒரு ராணி காத்திருந்தாள், எதிரி செயற்கையாக உண்டாக்கியவள். கதைக்கு அந்த இடத்தில் ஒரு ராணி வேண்டும், அவ்வளவுதான். டெல்டேல் இன்னொரு எல்லைக்குப் போயிற்று. 2018-ல் கடைசி ஸீஸன் வந்தபோது, பழைய பதிவுகளைத் தொலைத்தவர்களுக்காக ஒரு வசதி செய்தார்கள்: பழைய தேர்வுகளை வரிசையாகக் கேட்பார்கள், பதில் சொல்லிக்கொண்டே வரலாம். தன் கடந்த காலத்தை மனுப் பாரம் போலப் பூர்த்தி செய்வது. அன்று செய்ததைச் சொல்கிறானா, செய்திருக்க வேண்டியதைச் சொல்கிறானா என்று சோதிப்பார் யாரும் இல்லை.

ஆட்டக்காரனின் தேர்வு அடுத்த ஸீஸனை எப்படி உருவாக்கலாம் என்ற கேள்விக்கு அதே கடைசி ஸீஸனில் ஒரு பதில் இருக்கிறது. அந்தப் பதில் இதுவரை சொன்னவற்றிலிருந்து வேறுபட்டது. கிளெமென்டைன் இப்போது வளர்ந்த பெண். ஏஜே என்ற சிறுவனை வளர்க்கிறாள், லீ அவளை வளர்த்தது போல. ஆட்டக்காரன் அவனுக்குச் சொல்லிக் கொடுப்பதெல்லாம் அவனுக்குள் சேர்கிறது. மூன்றாம் பகுதியில் அவன் கேட்கிறான்: கடினமான முடிவுகளை நானே எடுப்பேன் என்று என்னை நம்புகிறாயா? அதற்கு என்ன பதில் சொன்னோமோ அது கடைசிப் பகுதியில் ஒரு பாலத்தின் மேல் எதிரே வந்து நிற்கிறது. நம்பியிருந்தால் அந்தப் பையன் தானாகவே சுடுகிறான். நம்பாமல் இருந்தால் அவன் சுடுவதில்லை, வேறொருவர் சாகிறார். அந்தக் கணத்தில் ஆட்டக்காரன் கையில் பொத்தான் எதுவும் இல்லை.

தேர்வின் உண்மையான விளைவு இதுதான் என்று நினைக்கிறேன். வாக்கெடுப்பு போலக் கதையை இப்பக்கமோ அப்பக்கமோ திருப்புவது சிறிய விஷயம். நாம் செய்தது இன்னொரு மனத்தில் தங்கி, நம் கையை விட்டு, அங்கிருந்து தன் முடிவைத் தானே எடுக்கும்போதுதான் நாம் செய்தது நடந்ததாகிறது. பத்து லட்சம் பாதைகள் இதற்குத் தேவையில்லை. ஒரு குழந்தை போதும்.

இதை எழுதியவர்கள் தங்கள் விஷயத்தில் இவ்வளவு கூடத் தேர்வு பெறவில்லை. கடைசி ஸீஸனின் முதல் பகுதி ஆகஸ்டில் வந்தது. 2018 செப்டம்பர் 21 அன்று நிறுவனம் ஏறக்குறைய இருநூற்றைம்பது பேரை இழப்பீடு எதுவும் தராமல் வெளியே அனுப்பியது. கதை பாதியில் நின்றது. கிர்க்மனின் ஸ்கைபவுண்ட் அதை வாங்கி, பழைய ஆட்கள் சிலரையே வைத்து, 2019 மார்ச்சில் முடித்துவைத்தது. அந்தக் கடைசிப் பகுதியில்தான் பாலமும் பையனும் வருகிறார்கள். சொல்லிக் கொடுத்தவர்களில் பலர் அப்போது அங்கே இல்லை.