கலவைக் குழாயின் வரலாறு

கலவைக் குழாய் என்பது வெந்நீரையும் குளிர்நீரையும் தனக்குள் கலந்து ஒரே வாய் வழியாகத் தரும் குழாய் ஆகும்.

பிரித்தானியாவின் பழைய வீடுகள் பலவற்றில் வெந்நீருக்கும் குளிர்நீருக்கும் தனித்தனிக் குழாய்களை இன்றும் காணலாம். சமையலறைக் குளிர்நீர் தெருக்குழாயிலிருந்து மிகுந்த அழுத்தத்துடன் நேரே வந்தது. வெந்நீரோ கூரைக்கடியில் இருந்த தொட்டியின் வழியே குறைந்த அழுத்தத்தில் வந்தது. தொட்டி நீர் குடிக்கத் தக்கதாகக் கருதப்படவில்லை. எனவே அது குடிநீரில் கலக்காதபடி இரண்டும் பிரித்தே வைக்கப்பட்டன.

அமெரிக்காவின் சியாட்டிலில் 1937இல் மாணவராக இருந்த ஆல்பிரட் மோயன் கை கழுவும்போது, இரட்டைக் கைப்பிடிக் குழாயிலிருந்து வெந்நீர் திடீரெனப் பாய்ந்தது. அந்த அனுபவத்திலிருந்து அவர் உருவாக்கிய ஒற்றைக் கைப்பிடிக் குழாய் 1947இல் சான் பிரான்சிசுகோவில் முதலில் விற்பனைக்கு வந்தது.

இரு நீரும் ஓரிடத்தில் கூடியதால் புதிய சிக்கலும் பிறந்தது. குழாயின் உள்ளிருக்கும் ரப்பர் அடைப்பு தேய்ந்தால், அழுத்தம் மிகுந்த நீர் மற்றதன் வழிக்குள் புகுந்துவிடும். வெந்நீர் வெதுவெதுப்பாகவே வருவது இதன் அறிகுறி.

இதைக் கண்டறிய, முதலில் வாட்டர் ஹீட்டரின் மின்சாரத்தை நிறுத்தி, அதற்குள் செல்லும் குளிர்நீர் வால்வை மூட வேண்டும். பிறகு ஒரு வெந்நீர்க் குழாயைத் திறக்க வேண்டும். எஞ்சிய நீர் வடிந்த பின்னும் ஓட்டம் நிற்காவிட்டால், எங்கோ குளிர்நீர் புகுகிறது என்று பொருள். ஒவ்வொரு கலவைக் குழாயின் அடி வால்வுகளையும் மூடிப் பார்க்கலாம். எதை மூடும்போது ஓட்டம் நிற்கிறதோ அதுவே பழுதானது.

அன்று தனிக்குழாய்கள் செய்த காவலை, இன்று கலவைக் குழாயோடு பொருத்தப்படும் ஒருவழி வால்வுகள் செய்கின்றன.