சத்தம் ஏறுது, வண்டி நகரல... பைக் கிளட்ச் பிளேட்டை வீட்டிலேயே மாற்ற முடியுமா?

மேம்பாலத்தில் ஏறும்போது ஆக்சிலேட்டரை முறுக்கினால் இன்ஜின் சத்தம் மட்டும் எகிறுகிறது. வண்டியோ அதே வேகத்தில் முனகிக்கொண்டு போகிறது. பின்னால் வரும் பஸ் ஹாரன் அடிக்கிறது. இப்படி ஒரு வண்டியை ஷெட்டுக்குத் தள்ளிக்கொண்டு போனால் பெரும்பாலும் காதில் விழும் முதல் வார்த்தை, "கிளட்ச் பிளேட் போயிடுச்சு சார்".

பல நேரம் அது உண்மைதான். ஆனால் எப்போதும் அல்ல. கேபிளைக் கொஞ்சம் தளர்த்தினாலே சரியாகிவிடும் வண்டிக்கும் புது பிளேட் மாட்டப்படுவது உண்டு. உணவு டெலிவரி, பைக் டாக்ஸி ஓட்டுபவர்களுக்கு வண்டி ஒருநாள் ஷெட்டில் நின்றால் செலவோடு அன்றைய வருமானமும் போச்சு. இதை வீட்டிலேயே பார்க்க முடியுமா என்றால், முடியும். ஆனால் இன்ஜின் கவரைத் திறப்பதற்கு முன் செய்ய வேண்டிய வேலைதான் இதில் முக்கியமானது.

இங்கே சொல்லப்படுவது கையால் கிளட்ச் பிடித்து ஓட்டும் 100 சிசி முதல் 150 சிசி வரையிலான சாதாரண கியர் பைக்குகளுக்கு மட்டும். கியர் இல்லாத ஸ்கூட்டர்களின் கிளட்ச் அமைப்பே வேறு.

உள்ளே என்னதான் நடக்கிறது?

இன்ஜினின் வலதுபக்க கவருக்குள், ஆயிலில் நனைந்தபடி சுழலும் ஒரு பிளேட் அடுக்குதான் கிளட்ச். இதில் இரண்டு வகை பிளேட் மாறி மாறி இருக்கும். ஒன்று, கார்க் அல்லது ஃபைபர் போன்ற பொருள் ஒட்டப்பட்ட உராய்வு பிளேட். இன்னொன்று வெறும் இரும்பு பிளேட். உராய்வு பிளேட்டின் வெளிப்பற்கள் இன்ஜினோடு சுற்றும் கிண்ணம் போன்ற ஹவுசிங்கில் மாட்டியிருக்கும். இரும்பு பிளேட்டின் உள்பற்கள் கியர் பாக்ஸோடு இணைந்த ஹப்பில் மாட்டியிருக்கும்.

இந்த அடுக்கை ஸ்பிரிங்குகள் இறுக்கிப் பிடித்திருக்கும்வரை இன்ஜினின் சக்தி சக்கரத்துக்குப் போகும். லிவரை அழுத்தினால் ஸ்பிரிங்கின் பிடி விலகி, பிளேட்டுகள் தனித்தனியாகச் சுற்றும். அவ்வளவுதான். உராய்வு பொருள் தேய்ந்து அடுக்கு மெலிந்தாலோ, ஸ்பிரிங் தளர்ந்தாலோ பிடி குறையும். அதைத்தான் 'ஸ்லிப் ஆகுது' என்கிறோம்.

நம்ம ஊரில் இது சீக்கிரம் தேய்வதற்குக் காரணம் தேடி ரொம்ப தூரம் போக வேண்டாம். சிக்னலில் கியரைப் போட்டு லிவரைப் பிடித்தபடியே நிற்பது, டிராஃபிக்கில் பாதி கிளட்ச்சிலேயே ஊர்வது, ஓட்டும்போது எந்நேரமும் லிவரில் இரண்டு விரலை வைத்திருப்பது, மூன்று பேரை ஏற்றிக்கொண்டு கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறுவது... வேறென்ன வேண்டும்?

திறப்பதற்கு முன் இதைப் பாருங்கள்

முதலில் கேபிள். லிவரின் நுனியைப் பிடித்து மெதுவாக அசைத்தால், கேபிள் இறுகத் தொடங்கும் முன் கொஞ்சம் சும்மா ஆட வேண்டும். பெரும்பாலான கம்யூட்டர் பைக்குகளில் இந்த ஆட்டம் லிவர் நுனியில் 10 முதல் 20 மில்லிமீட்டர் இருக்கணும். இது கொஞ்சமும் இல்லையென்றால், நீங்கள் லிவரைத் தொடாமலேயே கிளட்ச் பாதி அழுத்தப்பட்ட நிலையில் இருக்கிறது என்று அர்த்தம். லிவர் பக்கத்திலும் இன்ஜின் பக்கத்திலும் இருக்கும் அட்ஜஸ்டரைத் திருகி இதைச் சரிசெய்ய முடியும். செலவு பூஜ்யம்.

அடுத்தது ஆயில். கடந்த முறை யார், என்ன ஆயில் ஊற்றினார்கள் என்று யோசித்துப் பாருங்கள். கார் ஆயில்கள் பலவற்றில் உராய்வைக் குறைக்கும் ரசாயனம் சேர்க்கப்பட்டிருக்கும். காருக்கு அது மைலேஜ் தரும். ஆனால் பைக்கில் இன்ஜினும் கிளட்ச்சும் ஒரே ஆயிலில் குளிக்கின்றன. உராய்வையே நம்பி இருக்கும் பிளேட்டுக்கு அது எதிரி. அதனால் டப்பாவில் 'ஜாசோ எம்ஏ' அல்லது 'எம்ஏ2' என்ற குறியீடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 'எம்பி' என்று இருந்தால் அது ஸ்கூட்டருக்கானது. தவறான ஆயில் சமீபத்தில் ஊற்றப்பட்டிருந்தால், சரியான ஆயிலுக்கு மாற்றி சில நாட்கள் ஓட்டிப் பார்த்த பிறகு முடிவெடுக்கலாம்.

இரண்டும் சரியாக இருந்தும் ஸ்லிப் ஆகிறதா? காலியான, சமமான சாலையில் டாப் கியரில் மிதமான வேகத்தில் போய், ஆக்சிலேட்டரைச் சட்டென்று முறுக்குங்கள். சத்தம் எகிறி, வேகம் அதற்கேற்ப ஏறவில்லை என்றால் பிளேட் அல்லது ஸ்பிரிங்தான் பிரச்சனை. ஆயில் குச்சியை எடுத்து முகர்ந்தால் கருகிய வாடை வருவதும் இதற்கான அடையாளமே.

லிவரை முழுசாகப் பிடித்தும் வண்டி முன்னால் நகர்கிறது, நியூட்ரல் விழவே மாட்டேங்குது என்றால் அது நேர் எதிரான கோளாறு. அங்கே கிளட்ச் பிடிக்காமல் போகவில்லை, விடாமல் இருக்கிறது. கேபிள் ரொம்பத் தளர்ந்திருக்கலாம், இரும்பு பிளேட் வளைந்திருக்கலாம், ஹவுசிங்கில் பள்ளம் விழுந்திருக்கலாம்.

என்னென்ன வாங்கணும்?

உராய்வு பிளேட் செட், கிளட்ச் ஸ்பிரிங் செட், கிளட்ச் கவர் பேக்கிங், டிரெய்ன் போல்ட் வாஷர், வண்டியின் மேனுவலில் சொன்ன கிரேடு ஆயில். ஸ்பிரிங்கை மட்டும் 'பழசே இருக்கட்டும்' என்று விடுவது தவறான சிக்கனம். ஆயிலை இறக்கி, கவரைக் கழற்றி, எல்லாம் திறந்த பிறகு அதை மாற்றாமல் மூடினால், தளர்ந்த ஸ்பிரிங்குக்காக மறுபடி இதே வேலையை முதலிலிருந்து செய்ய வேண்டியிருக்கும்.

வாங்கும்போது மாடல் பெயர் மட்டும் சொன்னால் போதாது. ஒரே பெயரில் பல ஆண்டுகளாக வரும் வண்டிகளில் பாகங்கள் மாறியிருக்கும். ஸ்ப்ளெண்டர் 1994 முதல் ஓடுகிறது. தயாரித்த ஆண்டையும் சொல்லி, முடிந்தால் பாக எண்ணைப் பார்த்து வாங்குங்கள். மெக்கானிக் 'ஃபுல் அசெம்ப்ளி' மாற்றச் சொன்னால் ஹவுசிங், ஹப் எல்லாம் சேர்ந்து விலை பல மடங்கு கூடும். அது எப்போது தேவை என்பது கீழே வருகிறது.

கருவிகளில் 8, 10, 12, 14, 17 அளவு ஸ்பேனர் அல்லது சாக்கெட், பழைய ஆயில் பிடிக்க அகலமான தட்டு, கழிவுத் துணி. இவற்றோடு, நடு நட்டுக்கான தனி சாக்கெட். இந்தக் கடைசிப் பொருள்தான் வீட்டில் முடிகிற வேலையா இல்லையா என்பதைத் தீர்மானிக்கும்.

வேலையை ஆரம்பிக்கலாம்

இன்ஜினும் சைலன்சரும் நன்றாக ஆறிய பிறகு வண்டியை சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, டிரெய்ன் போல்ட்டைக் கழற்றி ஆயிலை இறக்குங்கள். கிளட்ச் கேபிளை முழுசாகத் தளர்த்தி, இன்ஜின் பக்க முனையைக் கழற்றிவிடுங்கள். வண்டியைப் பொறுத்து கிக்கர், ஃபுட் ரெஸ்ட், பிரேக் பெடல், சில மாடல்களில் சைலன்சரும் வழி விட வேண்டியிருக்கும்.

கவரின் போல்ட்டுகள் எல்லாம் ஒரே நீளம் கிடையாது. ஒரு அட்டையில் கவரின் வடிவத்தை வரைந்து, ஓட்டை போட்டு, எந்த போல்ட் எங்கிருந்து வந்ததோ அங்கேயே குத்தி வைத்துவிடுங்கள். நீளமான போல்ட்டைக் குட்டை ஓட்டையில் போட்டு முறுக்கினால் அலுமினிய கேஸ் விரிசல் விடும். அந்தச் செலவுக்கு முன்னால் பிளேட் விலை ஒன்றுமே இல்லை.

கவர் ஒட்டிக்கொண்டு வராவிட்டால் ஸ்க்ரூ டிரைவரை நடுவில் விட்டு நெம்பக் கூடாது. அந்தக் கீறல் வழியாகத்தான் பிறகு ஆயில் கசியும். ரப்பர் சுத்தியலால் ஓரங்களில் மெல்லத் தட்டினால் போதும். கவரை எடுக்கும்போது கிக்கர் தண்டு சேர்ந்து இழுபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கவரைப் பொருத்தும் சிறிய டவல் பின்கள் கீழே விழுந்து காணாமல் போவதும் வழக்கம்.

இப்போது கிளட்ச் கண்ணுக்குத் தெரியும். ஒவ்வொரு பாகத்தையும் எடுக்கும் முன் மொபைலில் ஒரு போட்டோ. ஸ்பிரிங்கைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளை ஒன்றை முழுசாகக் கழற்றிவிட்டு அடுத்ததுக்குப் போகாமல், எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்த வேண்டும்.

அந்த நடு நட்

இங்கேதான் வண்டிக்கு வண்டி வித்தியாசம். சில மாடல்களில் பிரஷர் பிளேட் முன்பக்கம் இருக்கும். ஸ்பிரிங் போல்ட்டுகளைக் கழற்றியதும் அது கையோடு வந்து, பிளேட்டுகளை அப்படியே உருவிவிடலாம். ஆனால் ஹோண்டா வடிவமைப்பில் வந்த பல சிறிய இன்ஜின்களில் பிரஷர் பிளேட் பின்பக்கம் ஒளிந்திருக்கும். பிளேட்டை எடுக்க ஹப்பையே கழற்ற வேண்டும். அதைப் பிடித்திருப்பது ஒரு சர்க்கிளிப், அல்லது நான்கு பள்ளம் கொண்ட நட்.

சர்க்கிளிப் என்றால் அதற்கான பிளையர் போதும். நட் என்றால் அதற்கென்றே தனி சாக்கெட் உண்டு. அது இல்லாமல் உளியை வைத்து சுத்தியலால் அடித்துச் சுற்றும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. அடித்துக் கழற்றிய நட்டை எவ்வளவு இறுக்கினோம் என்பது யாருக்கும் தெரியாது. ஓடும்போது அது தளர்ந்தால் கிளட்ச் மட்டுமல்ல, கவரும் சேர்ந்து உடையும். சாக்கெட் கையில் இல்லையென்றால் இந்த இடத்தோடு நிறுத்திவிட்டு, அது இருக்கும் மெக்கானிக்கை அழைப்பதே சரி.

சாக்கெட் இருந்தால், வண்டியை டாப் கியரில் போட்டு, பின் சக்கரத்தை ஒருவர் சுழலாமல் பிடித்துக்கொள்ள, நட்டைத் தளர்த்தலாம்.

தேய்ந்ததா, வளைந்ததா?

பிளேட்டுகள் வெளியே வந்ததும் வெர்னியர் காலிப்பரில் உராய்வு பிளேட்டின் தடிமனை அளக்க வேண்டும். பல சிறிய பைக்குகளில் புது பிளேட் ஏறத்தாழ 3 மில்லிமீட்டர். அது 2.6 பக்கம் வந்துவிட்டால் ஆயுள் முடிந்தது. சரியான எல்லை அந்தந்த வண்டியின் சர்வீஸ் மேனுவலில் இருக்கும். இரும்பு பிளேட்டை ஒரு கண்ணாடி மேல் வைத்துப் பாருங்கள். ஒரு ஓரம் தூக்கி நின்றால் வளைந்திருக்கிறது. நீலம் பாய்ந்திருந்தால் அளவுக்கு மீறி சூடாகியிருக்கிறது. இரண்டில் எது இருந்தாலும் இரும்பு பிளேட்டும் மாற்றத்தான் வேண்டும். பழைய ஸ்பிரிங்கைப் புதியதன் பக்கத்தில் நிறுத்தினால், குள்ளமாகியிருப்பது கண்ணுக்கே தெரியும்.

கடைசியாக ஹவுசிங். அதன் விரல்கள் போன்ற பகுதியில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். பிளேட் பற்கள் இடித்து இடித்துப் பள்ளம் விழுந்திருக்கும். லேசான தடம் என்றால் மெல்லிய அரத்தால் சமன் செய்துவிடலாம். ஆழமான பள்ளம் என்றால் புது பிளேட்டும் அதில் சிக்கிக்கொள்ளும். 'ஃபுல் அசெம்ப்ளி' என்று மெக்கானிக் சொல்வதில் நியாயம் இருப்பது இந்த நிலையில்தான்.

திரும்ப மாட்டும்போது

புது உராய்வு பிளேட்டைக் காய்ந்தபடி மாட்டக் கூடாது. ஊற்றப்போகும் அதே ஆயிலில் முந்தின இரவே ஊற வைத்துவிடுவது நல்லது. காய்ந்த பிளேட் முதல் சில நிமிடங்களிலேயே கருகிப்போகும். போட்டோவைப் பார்த்து அதே வரிசையில், உராய்வு பிளேட், இரும்பு பிளேட் என மாற்றி மாற்றி அடுக்குங்கள். சில வண்டிகளில் கடைசி உராய்வு பிளேட் மட்டும் பக்கத்து பள்ளத்தில் உட்காரும். இந்த மாதிரி விஷயங்களுக்குத்தான் போட்டோ.

நடு நட்டை மேனுவலில் உள்ள டார்க் அளவுக்கு இறுக்க வேண்டும். ஸ்பிரிங் போல்ட்டும் கவர் போல்ட்டும் பெரும்பாலும் 6 மில்லிமீட்டர் தண்டு கொண்டவை. சுமார் 10 முதல் 12 நியூட்டன் மீட்டர் இறுக்கமே அவற்றுக்கு அதிகபட்சம். நீளமான ஸ்பேனரில் முழு பலத்தையும் காட்டினால் போல்ட் முறிந்து பாதி உள்ளேயே தங்கிவிடும். பழைய பேக்கிங்கின் ஒட்டல்களைச் சுரண்டி எடுத்து, துணுக்குகள் இன்ஜினுக்குள் விழாமல் துடைத்து, புது பேக்கிங் வைத்து மூடுங்கள்.

ஆயில் ஊற்றிய பிறகு இன்ஜினைச் சில நிமிடம் ஐடிலில் ஓடவிட்டு நிறுத்தி, அளவையும் கசிவையும் பாருங்கள். கேபிள் ஆட்டத்தை மறுபடி 10-20 மில்லிமீட்டருக்குச் சரிசெய்யுங்கள். புது பிளேட்டில் கிளட்ச் பிடிக்கும் இடம் மாறியிருக்கும், வண்டி எதிர்பாராமல் பாயலாம். முதல் ஓட்டம் தெருவில் ஆள் நடமாட்டம் இல்லாத நேரத்தில் இருக்கட்டும்.

வாரண்டி காலத்தில் இருக்கும் வண்டியின் இன்ஜின் கவரை வீட்டில் திறப்பது வேண்டாம், வாரண்டி கோருவதில் சிக்கல் வரும். இறக்கிய பழைய ஆயிலைச் சாக்கடையில் ஊற்றுவதும் வேண்டாம். பயன்படுத்திய ஆயில், 2016ஆம் ஆண்டு மத்திய அரசு விதிகளின்படி அபாயகரமான கழிவு. பழைய டப்பாவிலேயே ஊற்றி மூடி, கழிவு ஆயிலை எடுத்துக்கொள்ளும் சர்வீஸ் சென்டரில் கொடுத்துவிடலாம்.